கழுத்து முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என்னுடைய மூத்த அண்ணாவுக்குக் கழுத்தில் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து அவர் மறுபடியும் வயல் வரம்பில் நடந்த நாள்வரை கூட நின்று அலைந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடுகிறது. அதற்கு முந்திய மாதங்களும் பிந்திய மாதங்களும் நோயாளியின் கையிலும் வீட்டாரின் கையிலும்தான் இருக்கின்றன. அவற்றில் எதை எப்போது செய்யவேண்டும் என்பதை யாரும் ஒரே இடத்தில் சொல்லித் தருவதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களிலிருந்து இப்படிப் புறப்படும் குடும்பங்களுக்கு அந்த அலைச்சலில் பாதியாவது குறையட்டும் என்பதே என் விருப்பம். இங்கே சொல்லும் கால அளவுகள் பொதுவானவை. உங்கள் வைத்தியர் வேறாகச் சொன்னால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

1. எந்த அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது

கழுத்திலுள்ள ஏழு முள்ளென்புகளுக்கிடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் என்ற தட்டு பிதுங்கி ஒரு நரம்பை மட்டும் அழுத்தினால், பெரும்பாலும் ஒரு பக்கத் தோளிலிருந்து கைவிரல்வரை நோவும் விறைப்பும் இருக்கும். இவர்களில் பலருக்கு மருந்தாலும் இயன்மருத்துவப் பயிற்சியாலும் சில வாரங்களில் குணம் தெரியும். எல்லோருக்கும் கத்தி வைக்கவேண்டியதில்லை. முள்ளந்தண்டுக்குள்ளே ஓடும் பெரிய நரம்புத் தண்டான முண்ணாணே அழுத்தப்படுவது வேறு விடயம். அப்போது நோவு குறைவாகவே இருக்கலாம், ஆனால் சேட்டுப் பொத்தானைப் பூட்ட முடியாது, சோற்றைப் பிசைந்து எடுக்கும்போது விரல்கள் சொற்கேளா, நடக்கும்போது கால் தடுமாறும், சலம் போவதில் மாற்றம் தெரியும். நோவு இல்லையே என்று இதை வயதின் களைப்பாக எண்ணிவிடுவது மிகவும் ஆபத்தானது. இந்த நிலையில் செய்யப்படும் சத்திரசிகிச்சையின் முதல் நோக்கம், மேலும் கெட்டுப்போகாமல் தடுப்பதுதான். ஏற்கெனவே இழந்த பலம் முழுவதும் திரும்பும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஆகவே பிந்துவது நல்லதல்ல. கிளினிக் திகதிக்கு இடையில் கையோ காலோ திடீரெனப் பலம் குறைந்தால், சலம் அடைத்தாலோ அறியாமல் போனாலோ, அந்தத் திகதிக்குக் காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இந்தக் கட்டத்தில் கழுத்தை நெட்டி முறிக்கவோ, திருகவோ, இழுக்கவோ யாரையும் விடாதீர்கள். நோவெண்ணெய் பூசுவதால் பெரிய கேடு இல்லை. ஆனால் முண்ணாண் அழுத்தப்பட்டிருப்பவரின் கழுத்தைச் சலூனில் முறித்துவிடுவதும், உளுக்கு எடுப்பதாகச் சொல்லித் திருகுவதும் நடக்கிற மனிதரைப் படுக்கையில் தள்ளிவிடக் கூடும்.

2. எம்.ஆர்.ஐ.க்கு முன் உடம்பிலுள்ள இரும்பைப் பற்றிச் சொல்லுங்கள்

வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. 2009 வரையான ஆண்டுகளில் காயப்பட்ட பலரின் உடம்பில் செல் (எறிகணை) துண்டுகள் இன்னும் இருக்கின்றன. எடுத்தால் ஆபத்து என்று விடப்பட்டவையும் உண்டு. உள்ளே இருப்பதே தெரியாமல் போனவையும் உண்டு. எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகவும் பலமான காந்தம். கண்ணுக்குள்ளோ, முண்ணாணுக்கு அருகிலோ, பெரிய குருதிக்குழாயின் பக்கத்திலோ இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம் அல்லது சூடேறலாம். ஆபத்து இல்லாத இடத்தில் இருந்தாலும் அந்தப் பகுதியின் படம் கலைந்து, வைத்தியருக்குப் பயன்படாமல் போகலாம்.

ஆகவே எம்.ஆர்.ஐ. எழுதித் தரும்போதே, உடம்பில் காயப்பட்ட இடங்கள் எவை, அப்போது எந்த வைத்தியசாலையில் என்ன செய்தார்கள், கை கால்களில் தகடோ கம்பியோ வைத்திருக்கிறதா, இதயத்துக்குக் கருவி பொருத்தியிருக்கிறதா என்பவற்றைச் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லவேண்டும். காயத்தைப் பற்றிப் பேசுவதற்கு நம்மில் பலருக்கு இன்னும் தயக்கம் உண்டு. எந்த ஊரில், எப்படிக் காயப்பட்டது என்ற கதையை வைத்தியருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, உலோகம் உள்ளே இருக்கிறது அல்லது இருக்கலாம் என்பதைச் சொன்னால் போதும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அதைப் பார்த்து, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா கூடாதா என்று கதிரியக்க நிபுணர் முடிவெடுப்பார். துண்டு இருக்கும் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. மறுக்கப்படுவதில்லை. மறுக்கப்பட்டால் சி.ரி. ஸ்கான் எடுக்கலாம், முள்ளந்தண்டுப் பாய்மத்துக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் சி.ரி.யும் உண்டு. இந்த எக்ஸ்ரேயையும் நிபுணர் எழுதிய குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்தமுறை எங்கு போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

3. ஒரு பைல், இரண்டு போட்டோக் கொப்பி

எங்களை அதிகம் அலையவைத்தது நோயல்ல, கடதாசி. ஒரு வைத்தியசாலையில் எடுத்த அறிக்கை மற்றைய வைத்தியசாலைக்குத் தானாகப் போவதில்லை. நோயாளியின் கையில்தான் போகிறது. ஒரு கெட்டியான பைலை வாங்கி, மழைக்கு நனையாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் இவற்றை வையுங்கள்:

தேசிய அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலை தந்த மாற்றுக் கடிதம், முன்பு வாட்டில் மறித்தபோது தந்த நோய் விபர அட்டைகள், எம்.ஆர்.ஐ., சி.ரி., எக்ஸ்ரே ஆகியவற்றின் படங்களும் இறுவட்டுகளும் எழுத்து அறிக்கைகளும். குருதிப் பரிசோதனை முடிவுகள். நெஞ்சு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி.

எம்.ஆர்.ஐ. அறிக்கை மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்துப் படத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் பலர். சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைத்தான் பார்ப்பார். படத்தை மடிக்க வேண்டாம், வெயிலில் விட வேண்டாம். எல்லாக் கடதாசிகளையும் தொலைபேசியில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். வைத்தியசாலை ஒன்று மூலப் பிரதியைக் கேட்டு வாங்கினால், அதைக் கொடுப்பதற்கு முன் கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும் நாளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இவற்றோடு ஒற்றைத் தாள் ஒன்றையும் தயாரியுங்கள். நோயாளியின் வயது, குடிக்கும் மருந்துகளும் அவற்றின் அளவும், ஒவ்வாத மருந்து, நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் போன்றவை, முன்பு செய்த சத்திரசிகிச்சைகள், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சிங்களம் எழுதத் தெரிந்தவர் இருந்தால் அதிலும் எழுதுங்கள். கொழும்பிலோ அனுராதபுரத்திலோ இரவுக் கடமையில் இருக்கும் தாதிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் நூறு கைச்சாடைகளைவிட இந்தத் தாள் உதவும்.

4. நிபுணரிடம் கேட்கவேண்டியவை

கிளினிக்கில் கிடைக்கும் நேரம் குறைவு. கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எத்தனையாவது முள்ளென்பில், எத்தனை இடத்தில் செய்யப்போகிறார்கள்? முன்பக்கமாகவா, பிடரிப் பக்கமாகவா? டிஸ்க்கை எடுத்த இடத்தில் வைக்கும் கூடும் தகடும் வைத்தியசாலையில் கிடைக்குமா, நாங்கள் வாங்கவேண்டுமா? கழுத்துப் பட்டி போடவேண்டுமா, எவ்வளவு காலத்துக்கு? எப்போது பாரம் தூக்கலாம்?

முன்பக்கமாகச் செய்யும்போது தொண்டையையும் உணவுக் குழாயையும் மெல்ல விலக்கியே முள்ளந்தண்டைத் தொடுகிறார்கள். ஆதலால் பின்னர் சில நாட்களோ வாரங்களோ விழுங்கச் சிரமமாக இருப்பதும் குரல் கரகரப்பதும் பொதுவானவை. பிடரிப் பக்கமாகச் செய்தால் தசைகள் வெட்டி விலக்கப்படுவதால் கழுத்து நோவு கூடுதலாகவும் நாட்பட்டும் இருக்கும். கிருமித் தொற்று, குருதிக் கட்டி, நரம்புப் பாதிப்பு போன்றவை அரிதானாலும் நடக்கக் கூடியவை. சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுமுன் அதைத் தமிழில் விளங்கப்படுத்தும்படி கேட்பது உங்கள் உரிமை. விளங்காத தாளில் கையெழுத்திட வேண்டாம்.

5. செலவும் உதவியும்

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கும் வாட்டுக்கும் கட்டணம் இல்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, அனுராதபுரம் போதனா வைத்தியசாலை, கண்டி, கொழும்பு தேசிய வைத்தியசாலைகள் ஆகியவற்றில் எதற்கு அனுப்புவது என்பதை உங்கள் மாவட்ட வைத்தியசாலையின் நிபுணர் தீர்மானிப்பார். அரச வைத்தியசாலை என்றாலும் கையில் பணம் தேவைப்படும் இடங்கள் உண்டு: வரிசை நீண்டதால் வெளியே எடுக்கும் எம்.ஆர்.ஐ.க்குப் பல பத்தாயிரம் ரூபா, அரசிடம் இல்லாத கூடு அல்லது தகடு, கழுத்துப் பட்டி, துணைக்கு நிற்பவரின் தங்குமிடமும் சாப்பாடும், திரும்பி வரும் வாகனம். தனியார் வைத்தியசாலையில் செய்தால் மொத்தம் பல இலட்சம் ரூபாவுக்குப் போகும். எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதில் தகட்டின் விலை, மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருநாள் கூடுதலாக இருந்தால் வரும் தொகை ஆகியவை அடங்கியுள்ளனவா என்று பார்க்காமல் முற்பணம் கட்டாதீர்கள்.

சனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இப்போது பிரதேச செயலகம் ஊடாகவே விண்ணப்பிக்கலாம்; இதற்காகக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. நிபுணரின் பரிந்துரை, செலவு மதிப்பீடு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வருமான விபரம், வங்கிக் கணக்கு விபரம் போன்றவற்றைக் கேட்பார்கள். சத்திரசிகிச்சை முடிந்தபின் பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் கேட்கலாம் என்று இருந்துவிடாமல், திகதி கிடைத்த உடனேயே போய்க் கேளுங்கள். அரச ஊழியரோ அவரில் தங்கியிருப்பவரோ என்றால் அக்ரஹார காப்புறுதியையும் விசாரியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் கேட்பதானால் மதிப்பீட்டுக் கடிதத்தின் படத்தை அனுப்பிக் கேட்பதே இரு பகுதிக்கும் மரியாதை. தகட்டை வெளியே வாங்க நேர்ந்தால் வைத்தியர் எழுதித் தந்த தாளின்படி மட்டும் வாங்குங்கள். விரைவாக எடுத்துத் தருகிறேன் என்று வாட்டு வாசலில் வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

6. எந்த மாதத்தில்

முண்ணாண் அழுத்தப்பட்டிருக்கிறது, தாமதிக்கக் கூடாது என்று நிபுணர் சொன்னால் அறுவடை, கலியாணம், கோயில் திருவிழா எதையும் பார்க்க வேண்டாம். காத்திருக்கலாம் என்று அவரே சொன்னால் மட்டும் மாதத்தைப் பற்றி யோசியுங்கள். காலபோக விதைப்பும் நவம்பர், டிசம்பர் மழையும் சேரும் காலத்தில் சத்திரசிகிச்சை முடிந்து திரும்பினால், வெள்ளம் அறுத்த கிறவல் வீதியில் கழுத்து குலுங்க வரவேண்டியிருக்கும்; அவசரமென்றால் வாகனம் உள்ளே வரவும் சிரமப்படும். காலபோக அறுவடை முடிந்தபின்னான மாதங்கள் கமக்காரக் குடும்பங்களுக்கு வசதியானவை. சிறுபோகத்தை அந்த ஆண்டு குத்தகைக்குக் கொடுத்துவிடுவதை முன்னரே பேசி முடியுங்கள். பேசி முடிக்காவிட்டால், தண்ணீர் திறந்த செய்தி வந்ததும் மனிதர் மண்வெட்டியைத் தூக்கிவிடுவார்.

7. மருந்தும் புகையிலையும்

அஸ்பிரின், குளோபிடோகிரல், வோபரின் போன்ற குருதி உறையாமல் தடுக்கும் மருந்துகளைச் சத்திரசிகிச்சைக்குச் சில நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்லலாம். எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை இதய வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து சொல்லவேண்டும். நீங்களாக நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். தமிழ் மருந்து, கசாயம், சூரணம் எது குடித்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். நீரிழிவு கட்டுப்படாமல் இருந்தால் திகதியைத் தள்ளிவைப்பார்கள், எனவே மாதக் கணக்கில் முன்னதாகவே சீனியைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

சுருட்டு, பீடி, சிகரட் பிடிப்பவர்களுக்கு, டிஸ்க்கை எடுத்த இடத்தில் மேலும் கீழுமுள்ள என்புகள் ஒன்றாக ஒட்டுவது பிந்தும், சிலருக்கு ஒட்டாமலே போகும். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கொட்டின்தான் இருக்கிறது; நம் ஊர் அம்மாமாரிடம் புகைப்பீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது உண்மைதான், ஆனால் மடியில் புகையிலை இருக்கும். குறைந்தது நான்கு வாரம் முன்பிருந்தும், என்பு ஒட்டும்வரையும் இரண்டையும் விடவேண்டும். ஆடும் பல் இருந்தால் மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்லுங்கள். வழமையாக மயக்க மருந்துக்கு முன் ஆறு மணித்தியாலம் சாப்பாடும், இரண்டு மணித்தியாலம் தண்ணீரும் கூடாது என்பார்கள். பால் தேநீர் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். பசிக்கிறதே என்று ஒரு வாய் ஊட்டிவிட்டால் அன்றைய சத்திரசிகிச்சையே நின்றுவிடும்.

8. போகுமுன் வீட்டை ஒழுங்குசெய்யுங்கள்

பாயில் படுத்துப் பழகியவர்களுக்கும் கட்டில் வேண்டும். நிலத்திலிருந்து எழும்பும்போது கழுத்துக்கும் தோளுக்கும் பாரம் வருகிறது. குந்தும் மலசலகூடம் என்றால் மேலே வைக்கும் கொமட் கதிரை ஒன்றை இரவல் வாங்கியாவது வையுங்கள். மலசலகூடம் வளவின் கோடியில் இருந்தால் இரவில் வெளிச்சத்துக்கும் பிடித்து நடக்க ஒரு கயிற்றுக்கோ தடிக்கோ வழி செய்யுங்கள். வாளியில் அள்ளிக் குளிப்பது, உரலில் இடிப்பது, விறகு கட்டித் தலையில் சுமப்பது, கைக்குழந்தையைத் தூக்குவது ஆகியவற்றை யார் செய்வார் என்று பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். வீட்டுத் தலைவி நோயாளியானால் இதற்கு இரட்டிப்புக் கவனம் தேவை, ஏனென்றால் அவர் எழும்பி நடக்கத் தொடங்கிய அன்றே அடுப்படி அவரிடம் திரும்பிவிடுகிறது.

9. வாட்டிலும் துண்டு வெட்டும் நாளிலும்

முன்பக்கச் சத்திரசிகிச்சை என்றால் பொதுவாக ஓரிரு நாட்களிலும், பிடரிப் பக்கம் என்றால் இன்னும் சில நாட்கள் கழித்தும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆண்கள் வாட்டில் ஆண், பெண்கள் வாட்டில் பெண் என்றே துணைக்கு விடுவார்கள். இரவில் நிற்க வாட்டுப் பொறுப்புத் தாதியிடம் அனுமதி பெறவேண்டும். கொழும்பென்றால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் உறவினர் வீடோ விடுதியோ முன்னரே பேசி வையுங்கள்.

முதல் ஒரு நாள் முழுவதும் துணைக்கு நிற்பவரின் கண் நோயாளியின் கழுத்தில் இருக்கவேண்டும். கழுத்து வீங்குவது, மூச்சுவிடத் திணறுவது, எச்சிலை விழுங்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். உள்ளே குருதி கட்டினால் நிமிடங்கள்தான் கையில் இருக்கும்.

துண்டு வெட்டும்போது அவசரப்பட்டு வெளியே வராமல், நோய் விபர அட்டையில் எந்த முள்ளென்புகளில் என்ன செய்யப்பட்டது, என்ன உலோகம் வைக்கப்பட்டது, தையல் எப்போது வெட்டுவது, நிறுத்திய மருந்தை எப்போது தொடங்குவது, அடுத்த கிளினிக் எப்போது என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தகட்டின் பெட்டியிலிருந்த ஒட்டுத்தாளின் பிரதி கிடைக்குமா என்றும் கேளுங்கள். தையல் வெட்டுவதற்கு மட்டும் கொழும்புக்குப் போய்வர வேண்டியதில்லை. கடிதம் இருந்தால் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலையிலோ வெட்டிக்கொள்ளலாம்.

திரும்பும் பயணத்துக்கு ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் வேண்டாம். தலையைச் சாய்க்கக் கூடிய ஆசனமுள்ள வாகனத்தின் முன் ஆசனம் நல்லது. ரயிலில் ஆசனம் பதிவுசெய்து வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி நிலையங்களில் இறங்குவதும் பேருந்தைவிடக் குலுக்கம் குறைந்தது. வாகனத்தை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி நாலடி நடக்கவிடுங்கள். நெடுநேரம் அசையாமல் இருந்தால் காலில் குருதி உறையலாம்.

10. முதல் ஆறு வாரம்

நடைதான் முதல் மருந்து. காலையும் மாலையும் வளவுக்குள் நடந்து, நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழும்பக் கூடாது: முழு உடம்பையும் ஒன்றாகப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கீழே இறக்கி, முழங்கையால் ஊன்றி எழும்பவேண்டும். இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம்; ஒரு குடம் தண்ணீர் இதைவிடப் பல மடங்கு பாரம். தலைக்கு மேல் கையை நீட்டி உடுப்புக் காயப்போடுவதும் வேண்டாம். தொலைபேசியைக் குனிந்து பார்க்காமல் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள்.

விழுங்கச் சிரமமாக இருக்கும் நாட்களில் கஞ்சி, சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், மசித்த பருப்பு ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வறண்ட புட்டும் முள்ளுள்ள மீனும் பிறகு பார்க்கலாம். நோ மாத்திரையால் மலம் இறுகும் என்பதால் தண்ணீர், பழம், கீரை கூட்டுங்கள். கடையில் டைக்குளோபெனாக் வாங்கிப் போடாதீர்கள். என்பு ஒட்டும் காலத்தில் அந்த வகை மருந்துகளை நிபுணர்கள் பலர் தவிர்க்கச் சொல்கிறார்கள். காயம் ஆறும்வரை குளத்திலும் வாய்க்காலிலும் இறங்க வேண்டாம். காயத்தில் எண்ணெயோ மஞ்சளோ பூச வேண்டாம்.

கைநோவு முதலில் குறையும், பலம் மெல்ல வரும், விறைப்பு கடைசியில்தான் போகும். முண்ணாண் அழுத்தப்பட்டிருந்தவர்களுக்கு முன்னேற்றம் ஓராண்டுக்கு மேலும் தொடரலாம். இரண்டாம் மாதத்தில் விரல் இன்னும் விறைத்திருக்கிறது என்று கண்ணீர் விடுபவரிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். அண்ணாவுக்கு நான் சொன்ன சொற்களிலேயே அதிகம் உதவியது இதுதான்.

காய்ச்சல், காயத்திலிருந்து சீழோ தெளிந்த நீரோ வடிதல், புதிதாகக் கை கால் பலம் குறைதல், சல மலக் கட்டுப்பாடு போதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல், நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். வீடு உள்ளொழுங்கையில் இருந்தால் சந்திக்கு ஒருவரை அனுப்பி வழிகாட்டச் சொல்லுங்கள்.

11. வேலைக்குத் திரும்புவது

மேசை வேலை செய்பவர்கள் பலர் நான்கு முதல் ஆறு வாரத்தில் திரும்புகிறார்கள். என்பு ஒட்டுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும் என்பதால் மண்வெட்டி, நெல் மூட்டை, கரைவலை இழுப்பு, உழவு இயந்திரம் ஓட்டுவது எல்லாம் எக்ஸ்ரேயைப் பார்த்து நிபுணர் சொன்ன பிறகே. உழவு இயந்திரத்தின் ஆசனம் கழுத்துக்குக் கொடுக்கும் குலுக்கம், மூட்டை தூக்குவதற்குக் குறைந்ததல்ல. கழுத்துப் பட்டி போட்டிருக்கும்வரை எந்த வாகனமும் ஓட்டக் கூடாது. மருத்துவ விடுப்புத் தேவையானவர்கள் சான்றிதழை ஒவ்வொரு கிளினிக்கிலும் அன்றன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பழைய திகதிக்குப் பின்னர் எழுதித் தரமாட்டார்கள். பயிற்சிக்கு வாராவாரம் தூர இடத்துக்குப் போகாமல், உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் கேட்டு வாங்கலாம். நோவு போய்விட்டது என்பதற்காகக் கிளினிக்கை விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு முறையும் முந்திய எக்ஸ்ரேயைக் கொண்டு போங்கள், ஏனென்றால் என்பு ஒட்டுகிறதா என்பதைப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தே பார்க்கிறார்கள்.